இரண்டாம் சுற்று, ஒன்று நாற்பத்தெட்டு

குடியாத்தத்தில் பள்ளிக்கு மணி அடிக்கிற அதே கை
ஞாயிற்றுக்கிழமை வேலூரில்
குத்துச்சண்டைக்கு அடிக்கிறது.

மூன்று சுற்றும் முழுசாய் ஓடினால்
எனக்கு எழுத ஒன்றுமில்லை.
பாதியில் நின்றால்தான்
நிமிடமும் நொடியும் கேட்பார்கள்.

காலையில் ஒன்று,
முதல் சுற்று, பத்தொன்பது நொடி.
பேனா மூடியைக்கூட நான் திறந்திருக்கவில்லை.
வாணியம்பாடிப் பெண்ணுக்கு எதிராளி வரவேயில்லை;
காலி மூலையைப் பார்த்தபடி நின்றவளின்
கையை நடுவர் தூக்கினார்.
அவர் விட்ட பிறகும் அது மேலேயே இருந்தது.
இன்னொன்றை டாக்டரின் டார்ச் முடித்தது:
புருவத்தில் நெல்மணி அளவு வெட்டு,
தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

மதியம், தகரக் கூரை காய்கையில்,
பேரணாம்பட்டு பர்ஹானா.
வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள்.
இடது கை ஊசி மாதிரி போய்வரும்.
எதிரே அரக்கோணத்து லோகநாயகி.
முதல் சுற்று பர்ஹானாவுக்கு.
இரண்டாவதும் அவளுக்கே என்று
பெஞ்சில் முடிவு செய்தாயிற்று.

கடைசிப் பத்து நொடிக்குக் கட்டை தட்ட வேண்டும்.
கட்டையைக் கையில் எடுத்தேன்.
அப்போது வந்து விழுந்தது
காந்தி ரோடு லாட்ஜ் பெயர் நீலத்தில் அச்சடித்த
வெள்ளைத் துண்டு.

எறிந்தவர் மார்கபந்து, அவளுடைய கோச்.
விரிஞ்சிபுரத்துச் சாமி பெயர். வழித்துணை.
'வழியிலேயே இறக்கி விட்டுட்டாரே'
பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவள் விழவில்லை. ரத்தமில்லை.
துண்டை உதைத்தாள்,
பல்காப்பைத் துப்பி உருதுவில் ஏதோ கத்தினாள்.
"கால் லேட்டா வந்துச்சு" என்றார் அவர்,
நடுவரிடம் அல்ல, கயிற்றிடம்.
மணியை அடித்தேன்.
எழுதினேன்: இரண்டு. ஒன்று நாற்பத்தெட்டு.

இரவு, பேரணாம்பட்டு பஸ்.
பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றதும்
முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.
கழுத்தில் அதே துண்டு, ஐஸ் உருகி நனைந்து.

"எத்தினி செகண்டு மிஸ் மிச்சம் இருந்துச்சு?"
"பன்னெண்டு."
"பன்னெண்டுதானா.
அதுல இன்னா ஆயிடப் போவுது?"

விழுந்தவரை எண்ணி முடிக்கப்
பத்தே போதும் என்று
நான் சொல்லவில்லை.
மார்கபந்து கடைசி சீட்டில்
தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடியிருந்தார்.

பாலாற்றுப் பாலம் நெடுக
ஜன்னல் கம்பியில் அவள் விரல் தட்டிக்கொண்டே வந்தது.
பன்னிரண்டு வந்ததும்
மறுபடி ஒன்றிலிருந்து.

குடியாத்தத்தில் நான் இறங்கியபோது
ஏழில் இருந்தாள்.