மூன்றாம் பத்தி

மண்டபம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆங்கில மனு.
கரண்ட் இருந்தால் பக்கம் நாற்பது ரூபாய்,
இல்லாவிட்டால் கையெழுத்தில் முப்பது.

சந்தியாகு வந்து உட்கார்ந்தபோது
சட்டையில் டீசல் வாடை போகவில்லை.
மீன்துறைக்குத் தமிழ் போதும்.
காப்பீட்டுக் கம்பெனிதான் கேட்கிறது,
நடந்ததை நடந்தபடி, இங்கிலீசில்.

"நடுக்கடல்ல பெரிய லைட்டு. யாரு லைட்டுன்னு தெரியல.
மைக்குல ஸ்டாப்பு ஸ்டாப்புன்னாக.
இஞ்சினை நிப்பாட்டிட்டேன்.
நான் நிப்பாட்டியும் அவுக நிக்கல.
அணியத்துல ஒரு இடி.
ரெண்டு பலகைக்கு நடுவுல வாய் பொளந்துருச்சு."

பிறகு?

"கையில கெடச்சது நைலான் கயிறு. அது ஊறாது.
மச்சினன் எமரிட்டு கைலிய அவுத்துக் கிழிச்சான்.
பருத்தி ஊறும்ல.
கத்தி முனையால திரிதிரியாத் திணிச்சு அடைச்சேன்.
விடியக் கரை சேந்தோம்,
அவன் ஜட்டியோட."

தட்டினேன்.
இஞ்சினை நிறுத்தினேன்: ஸ்டாப்.
ஓட்டையை அடைத்தேன்: அதற்கும் ஸ்டாப்.
அவர் வாயில் இரண்டாக இருந்தது
என் திரையில் ஒன்றாகிவிட்டது.
ஒரு வேலைக்கான கூலியை
நானே பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

அவர் டீக்குப் போன நேரம்
அட்டை பிய்ந்த அகராதியைப் பிரித்தேன்.
லத்தீனில் ஸ்துப்பா என்றொரு சொல்.
ஆளிச் செடியைச் சீவி நூலெடுத்த பின்
மிஞ்சிக் கிடக்கும் முரட்டுப் பிசிறு.
அதைத் திணித்து இடுக்கை அடைப்பதுதான்
இந்த வினையின் முதல் வேலையாக இருக்கலாம் என்கிறது
(அகராதிக்கே முழு நிச்சயம் இல்லை).
நிற்பது பிறகு வந்ததாம்.
முதலில் தண்ணீர் நின்றது.
அதைப் பார்த்துக் குதிரை, வண்டி,
எதிரே கும்பகோணம் போகிற பேருந்து.

நம்முடைய சொல்லுக்குப் பிறப்பு வேறு.
நில் என்று ஊன்றிய காலிலிருந்து வந்தது நிறுத்து.
நாரும் இல்லை, ஓட்டையும் இல்லை.
ஏலக் கூடத்தில் மட்டும்
நண்டை நிறுத்துப் போடு என்னும்போது
காலை மடக்கித் தராசில் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் அந்த இரவில்
மைக்கைப் பிடித்துக் கத்தியவன்
தனக்கே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தான்:
அடை, அடை, நாரைத் திணி.
இடிப்பதற்கு முன்பே.

சந்தியாகு திரும்பி வந்தார். சொன்னேன்.
கேட்டுக்கொண்டே மீசையில் டீயைத் துடைத்தார்.
"அப்ப கைலிக்கும் காசு தருவாகளா?"

மூன்றாம் பத்தியைத் தொடவில்லை.
இரண்டு ஸ்டாப்பும் அப்படியே இருக்கட்டும்.
நான்காவதாக ஒன்று சேர்த்தேன்:
கைலி, பருத்தி, நீலக் கட்டம்,
எண்ணிக்கை ஒன்று,
இருநூற்று எண்பது ரூபாய்.
ரசீது இல்லை.
வேண்டுமென்றால் படகில் வந்து பார்க்கலாம்,
இன்னும் உள்ளேதான் இருக்கிறது.