வட்டியம்

பெயர் வைத்தவள் எஸ்கலின்தான்.
வட்டங்களால் வரைவது வட்டியம்.
ஆயிரம் நோட்டீஸ் அடித்து
மணவாளக்குறிச்சி சந்தையில் நின்று கொடுத்தாள்.
முதலில் வந்தவர் கேட்டார்:
'நூத்துக்கு மாசம் எத்தன?'
அடுத்தவர் கம்மலோடு வந்தார், அடகு வைக்க.
மூன்றாவது என் அண்ணன்.
நோட்டீஸை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
என்னைத் தனியே கூப்பிட்டான்:
'டே, அவளுக்கு வட்டு பிடிச்சிருக்கா?'

தடைக்காலம்.
முட்டத்தில் விசைப்படகு கட்டிக் கிடந்தது,
கடியபட்டணத்தில் நான்.
சும்மா கிடக்கிறவனுக்கு வேலை வந்தது.
வளையல் பிடி, மூடி பிடி, டீ கிளாஸைக் கவிழ்த்துப் பிடி.
குக்கரின் ரப்பர் வளையமும்
ஒருநாள் சுவருக்குப் போனது.
அன்றைக்குச் சோறு அரைவேக்காடு.

கோடு கூடாது என்பது அவள் சட்டம்.
சாளை எப்படி வரும் என்று கேட்டேன்.
இரண்டு வட்டத்தை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினாள்.
ஏறின இடத்தில் கிடந்தது சாளை.
வாலை மூன்றாவது வட்டம் வெட்டித் தந்தது.
இருபது வருடம் பிடிக்கிறேன்,
ஒரு சாளையையும் அப்படிப் பார்த்ததில்லை.

பங்குத்தந்தையைப் பதினொரு வட்டத்தில் முடித்தாள்.
'நான் இவ்வளவு தடியா' என்றார்,
ஆனால் படத்தை வாங்கிக்கொண்டார்.
ஒரு ஆட்டோவின் முதுகில் காசு வாங்காமல் மயில் வரைந்தாள்.
கீழே அவள் போன் நம்பர்.
வந்த அழைப்பெல்லாம் ஆட்டோவுக்கு.

பிறகு நாகர்கோவிலில் ஒரு வங்கியின் மாடி
மூன்று நாளுக்குக் கிடைத்தது.
கடல் இல்லாமல் எப்படிக் காட்சி வைப்பது?
கடலுக்குத் தொடுவானம் வேண்டும்.
தொடுவானம் ஒரு கோடு.
இரண்டு ராத்திரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.
மூன்றாம் நாள் மழை விட்டதும் கேட்டாள்:
'தங்கூசி எவ்வளவு இருக்கு?'

தங்கூசி இழுபடும், கயிறுதான் சரி என்றேன்.
எனக்குத் தெரிந்த ஒன்றை
அவள் கேட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.
நூற்றுப்பத்து மீட்டர்.
ஒரு முனை குருசடிப் பக்கத்துப் புன்னையில்,
மறுமுனை எங்கள் முற்றத்தில், அவள் தூரிகையில்.
நடுவில் தியோனிஸ் வீட்டு ஆட்டுக்கொட்டில்,
காயப்போட்ட இரண்டு லுங்கி,
அப்புறம் ரோடு.

அத்தனை பெரிய வட்டம்
நாலடித் துணிக்குள் என்ன வளையும்?
ஒரு அரிசியின் தடிமன், நடுவில், மேலாக.
அதற்காகத்தான் இவ்வளவும்.
அந்தப் படம் விற்கவில்லை
என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் புன்னையடியில் முடிச்சைப் பிடித்து நிற்கிறேன்.
கயிறு இடுப்பளவில் விறைத்து நிற்கிறது.
பஸ் வந்துவிட்டது.
டிரைவர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவில்லை.
சந்தை முடிந்து வந்த பெண்கள்
காலிச் சருவத்தோடு இறங்கி,
'எந்தப் படகுக்கு கயிறுடே இது' என்று என்னைக் கேட்டார்கள்.
பேசினால் கயிறு ஆடும். நான் பேசவில்லை.
முற்றத்தில் அவள் மூச்சைப் பிடித்து
இடமிருந்து வலமாக ஒருமுறை நடந்தாள்.
அவ்வளவுதான். எட்டு நொடி இருக்கும்.

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்து சேரும்போது
கண்டக்டர் செல்லநேசன் பையோடு முற்றத்தில் நிற்கிறார்.
துணியைக் குனிந்து பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
'இது கோடுல்லா?'
'வட்டம்.'
'வட்டமா? மீதி எங்க?'
தூரிகையைக் கழுவிக்கொண்டே,
நிமிராமல் சொன்னாள்:
'நீரு பஸ்ஸ நிறுத்தியிருக்கது
அதுக்க உள்ளதான்.'

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
விசிலை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்,
புன்னையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார்.
கயிறு முழுக்க என் தோளில் கிடந்தது.
ஆனாலும் எங்கள் முற்றத்திலிருந்து இறங்கும்போது
வேட்டி தடுக்காமல் ஓடை தாண்டுகிறவரைப்போல
ஒரு காலைத் தூக்கி வைத்து
உள்ளே போனார்.