உப்பு போட்டால் பற்றும்

போர்ட்டோ மருத்துவமனையின் அடித்தளத்தில்
எனக்கொரு ஜன்னல் உண்டு.
தெரிவது கணுக்கால்கள் மட்டும்.

காலை எட்டுக்கு மெழுகைக் கரைக்கிறேன்.
மெழுகுக்குள்
யாரோ ஒருத்தியின் கீழுதட்டிலிருந்து எடுத்த
மிளகளவு சதை.
தும்மினால் பறக்கும் மென்மைக்கு
நேற்றே சீவிக் கண்ணாடியில் ஒட்டியாயிற்று.
இனி சாராயம், பிறகு சாயம்.
சாயத்தில் உப்பு,
கரைய மறுக்கும் வரை உப்பு.
இருபது நிமிடம்.

பத்தொன்பது வயதில்
விசேலா ஆற்றங்கரைச் சாயப்பட்டறையிலும்
இதே வேலைதான், அளவு வேறு.
மூட்டையைத் தோளில் சாய்த்து
கொதிக்கும் தொட்டிக்குள் உப்பைக் கொட்டுவேன்.
உப்பு விழுந்த பிறகுதான் நிறம்
நீரை வெறுத்து நூலைத் தேடும்.
எங்கள் வேலைப்பட்டியலை ஆறு ஊருக்கே வாசித்துக் காட்டும்:
திங்கள், கருநீலம்.
புதன், ஓட்டல் திரைச்சீலைகளின் சிவப்பு.
ஒரு மார்ச் மாதம் வாத்துகளின் வயிறெல்லாம் ரோஜா.

முந்நூறு குளியல் துண்டுகள் சாயம் விட்டன என்று
என்னை அனுப்பினார்கள்.
எங்கோ ஒரு விடுதியில்
வழுக்கைத் தலைகளெல்லாம் இளஞ்சிவப்பாம்.
கணக்குத் தீர்க்கும்போது மேற்பார்வையாளர் அபீலியு சிரித்துவிட்டார்.
நானும்தான்.
வாசலைத் தாண்டியதும் நிறுத்தினேன்.

இந்தச் சிவப்பும் துணிக்கு லாயக்கில்லாதது.
எலுமிச்சை பட்டால் நீலம்,
துவைத்தால் பக்கத்துச் சட்டைக்குக் குடிபோகும்.
சந்தை கழித்துக் கட்டியதும்
சதைக்குள் வேலை தேடிக்கொண்டது,
என்னைப் போல
என்று சொல்ல வந்தேன்.
வேண்டாம், அது புற்று தரும் வம்சம்.
கையுறை இரண்டு போடுகிறேன்.

பெயர் காங்கோ சிவப்பு.
தரை துடைக்க வரும் ந்சிம்பா
அங்கோலாவின் வடக்கே, காங்கோ மொழி பேசும் ஊர்க்காரி.
"எங்கள் ஊர் எப்போது இதைச் செய்தது?"
செய்ததே இல்லை,
பெர்லினில் விற்பதற்காக வைத்த பெயர் என்றேன்.
வாளியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்:
"நல்ல விலைக்காவது போனதா?"

சீட்டில் இருப்பது:
பெண். முப்பத்து நான்கு. போவா த வர்சிம்.
மீன்வலை பழுதுபார்ப்பவர்.
கால் பெருவிரல்கள் மரத்துவிட்டன.
வெந்நீர் கொட்டியதைக் கொப்புளம் பார்த்துத்தான் அறிந்தார்.
தாய்க்கும் இருந்தது, மரணம் நாற்பத்தொன்றில்.
அந்தக் கரையில் இதைச் சின்னப்பாத நோய் என்பார்கள்,
குழந்தைச் செருப்புக்குப் பெயர் வைத்ததுபோல.

டாக்டர் தெயோதோனியு வர பதினொன்றாகும்.
பார்த்துச் சொல்வது அவர் வேலை.
பார்க்க மட்டும் செய்வது யார் வேலையென்று
எங்கும் எழுதவில்லை.

சாதாரண ஒளியில் செங்கல் நிறத் திட்டுகள்.
அதை நம்பக் கூடாது.
வடிகட்டியை மெல்லத் திருப்பினேன்.
எல்லாம் இருண்டது.
இருட்டில்
பச்சை.
பழுக்காத ஆப்பிளின் பச்சை,
நரம்பைச் சுற்றி, சுரப்பியைச் சுற்றி,
கூச்சமே இல்லாமல்.

உண்மை தெரிந்தால் சாயம் வெளுத்தது என்பார்கள்.
இங்கே உண்மை தெரிய
சாயம் ஏற வேண்டியிருக்கிறது.

திருப்பினால் சிவப்பு. மறுபடி பச்சை.
ஏழு தடவை.
போவா துறைமுக வாயிலில்
ஒரு கரையில் சிவப்பு விளக்கு, மறு கரையில் பச்சை,
நடுவே நுழைந்தால் வீடு.
இதில் நடுவே இல்லை.
ஒரே இடம்தான் இரண்டுமாக எரிகிறது.

அவள் தாய்க்கு இல்லாத மருந்து இப்போது இருக்கிறது.
இதை யாரும் என்னைக் கேட்கவில்லை.

மதியம், மத்தி மீன்மேல் வினிகரைத் தெளித்தேன்.
கையுறைக்குத் தப்பிச்
சட்டைக் கையோரம் ஒட்டியிருந்த ஒரு துளிச் சிவப்பு
பார்க்கப் பார்க்க நீலமானது.

ந்சிம்பா எட்டிப் பார்த்தாள்.
"இப்போது இது எந்த நாடு?"