காதுக்குறி

செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகள் இறங்கும்.
பள்ளத்தாக்கின் அத்தனை பண்ணைகளும்
ஒரே வட்டப் பட்டிக்குள் முட்டி மோதும்.
காதைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்போம்:
இடது நுனியில் வெட்டு, வலதில் துளை
என்றால் எங்களுடையது.
என் தாத்தன் காலத்துக் குறி.
இருட்டிலும் விரல் தடவிச் சொல்லிவிடுவேன்.

அக்குரேரி மருத்துவமனையில்
டாக்டர் தோர்தீஸ் ஒரு மயிர்க்கால் வரைந்தார்,
அதைச் சுற்றிப் புள்ளிபுள்ளியாய்க் காவலாட்கள்.
"மகளின் முடியை அந்நியம் என்று நினைக்கிறார்கள்."
காதுக்குறி மறந்துபோச்சு, என்றேன்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
அவரும் பண்ணையில் பிறந்தவர்தான்.
"ஆமாம். சொந்த ஆட்டையே
வேலிக்கு வெளியே துரத்துகிறார்கள்."

முதலில் ஒரு நாணயம் அளவு, பின்னந்தலையில்.
ஹால்லா பின்னலை மாற்றிப் போட்டு மறைத்தாள்.
பின்னல் மெலிந்தது. பிறகு பின்ன ஏதுமில்லை.
புருவம் போனது.
இமைமயிர் போன அந்தக் குளிர்காலத்தில்தான்
அது எதற்கு இருந்தது என்று தெரிந்தது:
பனிப்புயல் நேராக அவள் கண்ணுக்குள் போனது.

ஊசி போட்டார்கள். களிம்பு தடவினோம்.
ரேக்யவிக்கிலிருந்து பொய்முடி பார்சலில் வந்தது.
எய்தீஸ் அதைக் கிடாவின் தலையில் மாட்டி
புகைப்படம் எடுத்தாள்.
மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
அதை அவள் ஒருநாளும் போட்டுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு முடிந்ததும், மாத்திரை.
"எல்லோரையும் தூங்கவைப்பதில்லை இது.
பட்டியில் ஒருவன் 'அந்நியம்!' என்று கத்துகிறான் அல்லவா,
மற்றவர்கள் ஓடிவருகிறார்களே,
அந்தக் கத்தலை அமுக்கும்."
நரி வந்தாலும் அதே கத்தல்தானே, என்று கேட்டேன்.
அவர் மழுப்பவில்லை.
"அதனால்தான் மாதாமாதம் ரத்தம் எடுக்கிறோம்."

முதலில் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.
விட்டுப்போன தடுப்பூசிகளைப் போட்டார்கள்.
அன்றிரவு சமையலறையில் ஹால்லா மெல்லச் சொன்னாள்:
"முடி இல்லாமல் யாரும் செத்ததில்லை."
மாடிப்படியில் நின்றிருந்தாள் எய்தீஸ்.
"சாகமாட்டேன்," என்றாள்.
"ஆனா பஸ்ஸில எல்லாரும்
என்கிட்ட ரொம்ப நல்லவங்களா இருக்காங்க.
அதைத்தான் தாங்க முடியலை."

மே மாதம் குட்டிகள் பிறந்தன.
சிலதுக்கு வாயோரம் புண், தொட்டால் ஒட்டும்.
ஐந்து வயதிலிருந்து புட்டிப்பால் கொடுத்தவள்
தொழுவத்துக்கு வெளியே நின்றாள்,
கையில் பென்சிலும் நோட்டும்.
நான் உள்ளிருந்து கூவ, அவள் குறித்தாள்:
இரட்டை. ஒற்றை. இரட்டை. ஒன்று போச்சு.
ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது
தன் விரலைக் கதவிடுக்கில் நீட்டியிருந்தாள்.
ஒரு குட்டி அதைச் சப்பிக்கொண்டிருந்தது.
கத்தினேன்.
அப்படி நான் அவளிடம் அதுவரை கத்தியதில்லை.

ஏழாம் மாதம் பிடரியில் ஏதோ.
ஹால்லா மேசைவிளக்கை இழுத்து வந்தாள்.
வெள்ளை. பதின்மூன்று வயதில் முதல் முடி
கிழவனின் முடிபோல் வந்தது.
பிறகுதான் நிறம்.
வலப் புருவம் முழுதாய், இடது பாதி;
எப்போதும் எதையோ சந்தேகப்படுகிற முகம்.
நிறுத்தினால்? என்றாள் டாக்டரிடம்.
"உதிரலாம்."
எத்தனை வருஷம் சாப்பிடணும்?
"தெரியாது," என்றார்.
அவரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

எங்கள் ஊர் வெந்நீர்க் குளத்தில்
இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்.
சுவரில் ஒரு மனிதப் படம்,
கழுவ வேண்டிய இடமெல்லாம் சிவப்பு,
தலையில்தான் பெரிய சிவப்பு.
பெண்கள் பக்கம் காவலுக்கு குட்னி நிற்பாள்.
யாரையும் விடமாட்டாள், பாதிரியாரின் மனைவியையும்.
எய்தீஸ் நுழைந்தால் மட்டும்
இரண்டு வருடமாகத் துண்டுகளை எண்ணத் தொடங்குவாள்.

நேற்று வெந்நீர்த் தொட்டியில் நான் கழுத்தளவு கிடந்தேன்.
வானம் தூறலாய்ப் பனி.
கோபமாய் வந்து என் எதிரில் இறங்கினாள் எய்தீஸ்,
காதோரம் நுரை இன்னும் வழிய.

"என்னைத் திரும்பப் போகச் சொல்லிட்டா, அப்பா.
தலையைச் சரியாக் கழுவலையாம்."

அரைப் புருவம் துடித்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்தில் இருந்தவர்கள்
மீன்விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.