பத்துப் பொருத்தம்

"எட்டு யூரோதான்" என்று
மேசையில் வைத்தார் தயாபரன்,
ஞாயிற்றுச் சந்தை ஈரம் காயாத
கறுப்புச் சார்ஜர் ஒன்றை.
பழையது தொலைந்து மூன்று நாள்.
தொங்கு ரயிலில் பையோடு விட்டது நான்.
அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

சுவரில் மாட்டுமுன்
முனையைப் பற்றரியில் செருகிக் காட்டினார்.
டக்.
"பார், அளவெடுத்துச் செய்த மாதிரி."

எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.
பத்தில் எட்டு என்று
உரும்பிராய்ச் சாத்திரியார் எழுதிய தாள்
இன்னும் கடவுச்சீட்டுகளோடு கிடக்கிறது.
பொருந்தாத இரண்டு எவை என்று
அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

கண்ணாடியைப் போட்டேன்.
பற்றரியின் வயிற்றில் முப்பத்தாறு வோல்ட்.
சார்ஜரின் முதுகில் எறும்பெழுத்தில்
நாற்பத்து மூன்று புள்ளி எட்டு.
"கூடத்தானே, கெதியா ஏறும்."

மின்கட்டணக் கடிதத்தின் உறையில்
கணக்குப் போட்டேன்.
உள்ளே வரிசையாய்ப் பத்துப் பேர்.
ஆளுக்கு நாலு புள்ளி இரண்டு வரை குடிப்பார்கள்.
கூட்டினால் நாற்பத்திரண்டு; அதோடு நிற்க வேண்டும்.
இந்தச் சார்ஜர் பன்னிரண்டு பேருள்ள
வேறொரு வீட்டுக்குப் பிறந்தது.
அவர்கள் இரசாயனமே வேறு.

"ஒன்று புள்ளி எட்டுத்தானே மிச்சம்?"
தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பது
ஆற்றுக்குச் சரி.
இதற்குச் சாண்கூட வேண்டாம்,
விரற்கடை போதும்.

"உள்ளுக்கு ஒரு காவல் சுற்று இருக்கு,
அது வெட்டிவிடும்."
வெட்டலாம்.
பூட்டு நல்ல பூட்டு என்பதற்காகக்
கள்ளனுக்கு வழி சொல்லி அனுப்புவதா?
மேல்மாடியில் எமினேயின் மூன்று பிள்ளைகள்
மரப்படிக்கு மேலே தூங்குகிறார்கள்.

அன்றிரவு இரண்டரைக்கு
நூற்றுப் பதினான்கு பத்திரிகைகளோடு
நடந்தே இறங்கினேன்.
எல்பர்ஃபெல்டில் தெருவுக்குப் பாதி படிக்கட்டு.
இரண்டாவது படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றபோது
பின்னால் செருப்புச் சத்தம்.
வீட்டுச் செருப்பு, பனியில், காலுறைகூட இல்லை.
ஒன்றும் பேசாமல் ஒரு பையை வாங்கினார்.
மேட்டுத் தெரு முழுவதும் அவர்தான் போட்டார்,
ஆறு பேருக்கு மட்டும் பெட்டி மாறி.

வியாழன் வந்தது சரியான சார்ஜர்.
அறுபத்து நாலு யூரோ,
பற்றரி செய்த கம்பனியே செய்தது,
நாற்பத்திரண்டு என்று தெளிவாய்.
ஓடைப்பக்கம் செருகப் போனவரைத் தடுத்தேன்.
வெளியே போக இருக்கிற ஒரே வழி அது.
குசினித் தரையில் வைத்தோம்,
அடுப்புக்குத் தள்ளி, திரைச்சீலைக்கு எட்டாமல்,
கீழே ஓடு, மேலே ஒன்றும் மூடாமல்.

உடனே செருகவும் விடவில்லை.
நிலக்கீழ் அறையில் மூன்று இரவு
உறைநிலைக்குக் கீழே கிடந்த பற்றரி.
குளிரில் ஊட்டினால்
உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஊசி முளைக்குமாம்.
இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம்.
தேத்தண்ணி போட்டார்.
அந்தத் தாளை எடுத்து வந்து
பொருந்தாத இரண்டையும் வாசித்துச் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை, பிறகு சிரித்தேன்.

சிவப்பு விளக்கு எரிகிறபோது
இந்த வீட்டில் ஒருவர் விழித்திருப்பார்.
அது மட்டும் இப்போது சட்டம்.
இன்று என் முறை.
அவர் குறட்டை, சார்ஜரின் மெல்லிய விசிறி,
வெளியே எங்கோ உப்புத் தூவும் வண்டி.
அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.
இளஞ்சூடு. இருக்கலாம் அவ்வளவு.

அந்த எட்டு யூரோவை
அப்படியே குப்பையில் போட மனம் வரவில்லை.
யாராவது எடுப்பான்.
அவனிடமும் டக் என்று பொருந்தும்.
எதிலும் மாட்டாத நேரம் பார்த்து
கத்தரிக்கோலால் முனையை வெட்டினேன்.
மற்றதை மின்கழிவுக் கூண்டில் போட்டாயிற்று.
முனை மட்டும்
குளிர்கோட்டுப் பையில் சில்லறையோடு கிடக்கிறது.
கடைகளில் காசு கொடுக்கும்போது
சில நேரம் கையில் வருகிறது.