எட்டாம் நம்பர் பெட்டி

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள்
நேற்றிரவு நின்ற இடத்திலேயே நிற்கின்றன.
டிரைவர்கள் வண்டியடியில் பாய் விரித்துவிட்டார்கள்.
இரண்டாம் மாடியில் கிளியரிங் ஏஜென்சி.
ஜன்னல்களை மூடி ஏழு வருஷம் ஆகிறதாம்.
திறந்தால் மேசைமேல் விரலால் பேர் எழுதலாம்,
மூடினால் தூசி வராது என்பார் மேனேஜர்.

வந்த தூசி எந்த வழியாகப் போகும்
என்று அவர் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பதினோரு கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர்,
நான்.
மாதக் கடைசி என்பதால் சகாயராணியும்.

மானிட்டர்களின் நெற்றியில்
ஏழு ஆயுத பூஜைகளின் சந்தனம், குங்குமம்,
பழைய சுவர் மாதிரி அடுக்கடுக்காய்.
ஒருவரும் பெட்டியின் மூடியைக் கழற்றியதில்லை.
கும்பிடுகிறவர்கள் பின்பக்கம் போய்ப் பார்ப்பதில்லை.

எட்டாம் நம்பரைத் திறந்தேன்.
ஃபேன் இருக்கவேண்டிய இடத்தில்
எலிக்குட்டி ஒன்று சுருண்டு தூங்குவதுபோல்
சாம்பலாய், மெத்தென்று.
பயந்துதான் தொட்டேன். தூசி.
பிரஷ்ஷால் பிரித்தால்
துறைமுகத்து நிலக்கரி கொஞ்சம்,
பிரிண்டர் மையின் நைசான மாவு,
நீளமான ஒரு முடி, பூ கட்டிய நார்,
பூஜைப் பொரி ஒன்று, இன்னும் வெள்ளையாக.
மீதி எல்லாம்
இந்த நாற்காலியில் இருந்தவர்களின் தோல்.

போன வாரத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.
ஐந்தாம் நம்பரை இவள் பக்கத்திலேயே வைத்து
புளோயரால் ஊதினேன்.
பெட்டி பளிச்சென்று ஆகிவிட்டது.
சகாயராணி கைப்பையைத் துழாவினாள்.
நீல பம்ப்பில் ஓர் இழுப்பு, இன்னொன்று,
பத்து எண்ணும்வரை மூச்சை வைத்திருந்து
கண் சிவக்கச் சொன்னாள்:
"இன்னாபா, அத்த காலி பண்ணி என்ன ரொப்பிட்ட."

இப்போது ஊதுவதில்லை, உறிஞ்சுகிறேன்.
வேக்குவம் கிளீனர், மின்ட்டில் நாள் வாடகை நானூறு.
மேனேஜர் முந்நூறுதான் தருவார்.
பொட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப்போய்,
மூக்கைத் துணியால் கட்டி,
ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு,
மூலைமூலையாக.
ஏ.சி.யின் வலையைக் குளியலறையில் கழுவினேன்.
முதல் வாளி தார்.
மூன்றாம் வாளி டீக்கடை டீ.
ஐந்தாவதில் என் முகம் தெரிந்தது,
அதையும் கொட்டிவிட்டேன்.

சாயங்காலம் எட்டாம் நம்பரை மாட்டி சுவிட்ச் போட்டதும்
"ஆன் ஆகல பாரு" என்று கத்தினாள்.
ஆகியிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.
பெட்டியின் பின்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்,
காய்ச்சலுக்குக் குழந்தையைத் தொடுவதுபோல.
காற்று வந்தது, சத்தம்தான் இல்லை.
ஏழு வருஷமாக அந்த இரைச்சலுக்கு மேலே பேசியவள்
"ஐயே, நான் எதுக்கு இவ்ளோ கத்துறேன்"
என்றாள், மெதுவாக.
கீழே ஒரு டிரைவர் பாத்திரம் கழுவுவது கேட்டது.

மேனேஜருக்கு போன் போட்டேன்.
மூணு மாசத்துக்கு ஒருதரம் செய்யணும் சார்.
"ஆயுத பூஜைக்கு வாப்பா, பார்க்கலாம்."
எட்டாம் நம்பர் மூடியின் உள்பக்கம்
ஆணியால் இன்றைய தேதியைக் கீறியிருக்கிறேன்.
யாராவது திறந்தால் தெரியும்.

வேக்குவம் பை ஒன்றரைக் கிலோ இருக்கும்.
இரண்டு கவர் போட்டுக் கட்டிவிட்டேன்.
கீழே குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில்தான்
அந்த டிரைவரின் பாய். சோறு தின்றுகொண்டிருந்தார்.
பையை வண்டியின் முன்னால் வைத்துக் கிளம்பினேன்.

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தார்கள்.
முன்னால் ஆட்டோ, பின்னால் ஆயில் டேங்கர்,
யாரும் இன்ஜினை அணைக்கவில்லை.
என் இரண்டு கால்களுக்கு நடுவே
ஏழு வருஷம், முடிச்சுப் போட்டு,
சூடாக.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது.