அட்டைக் கணக்கு

கீழே கவுண்டரில் கேட்பது காப்பீட்டு அட்டை.
மூன்றாம் மாடியில் என் பொறுப்பில் இருப்பது
மற்றது.
ஜாடி வாய்க்கு வலைத்துணி கட்டி,
குளோரின் போகவிட்ட தண்ணீரில் பதினான்கு.

நாகர்கோவிலில் மழை. ஜெனரேட்டர் இருமுகிறது.
ஆறாம் கட்டில், சூசைமிக்கேல்.
குளச்சல் துறையில் ஐஸ் உடைக்கிற யந்திரம்
வலது பெருவிரலைக் கொண்டுபோனது.
அதே ஐஸில் பொதிந்து மச்சினன் எடுத்துவந்தான்,
சாளை மணத்தோடு.

ஒன்பது மணிநேரம் தைத்தார்கள்.
உள்ளே போகும் இரத்தத்துக்கு வழி கிடைத்தது,
திரும்பி வருவதற்கு இல்லை.
விரல் நாவற்பழமாய்க் கறுத்தது.
"அட்டை விடுங்க" என்றார் டாக்டர் பெனிலா,
சாயா சொல்கிற குரலில்.

முதலாவது கடிக்க மறுத்தது.
ஊசியால் ஒரு புள்ளி குத்திக் காட்டினேன், பிறகு பிடித்தது.
"கொத்துனது தெரியல்லியே சிஸ்டர்."
தெரியாதுதான்.
நரம்பு இன்னும் அந்த விரலுக்கு ஊர் திரும்பவில்லை.

மெத்தையில் வைத்தாலும் செத்தைக்குப் போகும் என்பார்கள்.
போகவில்லை.
நாற்பது நிமிடம் மெத்தையில் கிடந்து குடித்து
என் சுண்டுவிரல் பருமனுக்கு ஊதி
தானாய் உதிர்ந்தது.
அதற்குப் பிறகுதான் மருந்தே.
அது விட்டுப்போன எச்சிலில்
இரத்தம் உறைய மறந்து விடியவிடியக் கசிந்தது.
பஞ்சு மாற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒருவரிடம் உண்டது இன்னொருவருக்கு ஆகாது,
ஸ்பிரிட்டில் போடவேண்டும்.
"எனக்க ரத்தமாக்கும் அதுக்குள்ள.
சாவடிக்கியளோ?"
நான் மூடியைத் திருகினேன்.

நடுவில் ஆய்வகத்துப் பெண் ஒருத்தி வந்து
கையெழுத்திட்டு இரண்டு வாங்கிப்போனாள்.
இதன் நரம்புமுடிச்சில் செல்கள் பெரிது,
ஒவ்வொன்றாய்த் தொட்டுக் கேட்கலாமாம்.
நீந்துவதா ஊர்வதா என்று
இது எந்த இடத்தில் முடிவெடுக்கிறது,
அதைத் தேடுகிறாளாம்.
கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றேன்.
சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் விரலில் சூடு வந்தது.
அழுத்தி எடுத்தால் வெளுத்து, உடனே சிவந்தது.
அவன் கேட்டது ஒன்றுதான்:
"ரேஷன் கடை மெஷினில இந்த ரேகை எடுக்குமா?"

இரவு பதிவேடு.
வரவு பதினான்கு.
விரலுக்குப் பத்து, ஆய்வுக்கு இரண்டு,
தண்ணீரிலேயே செத்தது ஒன்று.
ஜாடி காலி.
வலைத்துணியின் ஒரு மூலை நெகிழ்ந்திருக்கிறது.

டார்ச் அடித்துக் கட்டிலடியெல்லாம் பார்த்தேன்.
என் செருப்பை இருமுறை தட்டினேன்.
ஈரமாய் ஒரு கோடு சுவரேறி
ஜன்னல் கம்பிவரை போயிருந்தது.
வெளியே மழை.

செத்தது இரண்டு என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.